சிவப்பு வண்டிப் படப்புத்தகம்

டெல்லி ஆர்.கே.புரத்தில், தீயணைப்பு வேலைக்கான இன்டர்வியூ அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து பூவராகவன் தீயணைப்பு வீரர்கள் படப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வியர்த்த விரல்கள் அட்டையில் ஒட்டின. உள்ளே போய்த் திருதிருவென்று விழித்தால் மானம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மாலைதான் இந்த இன்டர்வியூவுக்கான கடிதம் கைக்கு வந்தது. இரண்டு நாளில் அவருக்குக் கிடைத்தது, பெட்டிக்குள் கிடந்த இந்தப் பழைய பரிசுப் புத்தகம் மட்டுமே. ஏழு வயதில் இதைப் பார்த்துவிட்டு, தீயணைப்பு வீரனாகத்தான் ஆவேன் என்று வீட்டை இரண்டாக்கியவர் அவர்.

அன்று கண்ணில் பட்டது சிவப்பு வண்டி ஒன்றுதான். இன்று பார்த்தால், எரிகிற மாடியிலிருந்து கிளிக்கூண்டோடு இறங்குகிறவர்கூடச் சிரிக்கிறார். ஒருவர் முகத்திலும் கரி இல்லை.

பக்கத்து இளைஞன் எட்டிப் பார்த்தான். பெயர் மதலைமுத்து, தூத்துக்குடிக்காரன். ஏஷியாட் விளையாட்டுக் கட்டட வேலைக்கு வந்து, அங்கே தீயணைப்புக் காவலில் நின்றவன் என்று தானாகவே சொல்லியிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, சின்னப்புள்ளைய புஸ்தகத்தைக் கொண்டாந்திருக்கீய?"

"வேற ஒண்ணும் கிடைக்கலைப்பா. இந்தப் படம் சரியா? எண்ணெய்ச் சட்டி எரியுது, ஒருத்தர் தண்ணி அடிக்கிறார்."

"நாசமாப் போச்சு! எண்ணெய்த் தீயில தண்ணி ஊத்தினா பொங்கிப் பரவும்லா? நுரை அடிக்கணும். சின்னதுன்னா மூடி போட்டு அமுக்கணும்."

பூவராகவன் குறிப்பேட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டார். "கரண்ட்ல பிடிச்சா?"

"மொதல்ல மெயினை அணைக்கணும்."

இப்படியே பதினொரு கேள்வி, பதினொன்றுக்கும் பதில்.

பியூன் வந்து, அவருக்கு மட்டும் பீங்கான் கோப்பையில் டீ வைத்துவிட்டுப் போனான்.

"உள்ள ஆளு இருக்கு போல?" மதலைமுத்து கண்ணடித்தான். "எனக்கு இது மூணாவது இன்டர்வியூ அண்ணாச்சி. இதுவும் போச்சுன்னா ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்."

பூவராகவன் நெளிந்தார். "உனக்காவது தொழில் தெரியும். எனக்கு இந்தப் படப்புத்தகம்தான்பா."

"தைரியமாப் போங்க! உள்ள உக்காந்திருக்கவனுக்கு மட்டும் என்ன தெரியும்? அத்தனை பேரும் ஃபைல் பாத்தவனுவதான்."

கதவு திறந்தது. செக்ஷன் ஆபீசர் ராமமூர்த்தி பதறிக்கொண்டு பூவராகவனிடம் ஓடிவந்தார்.

"போர்டு சேர்மன் நீங்களே இங்க உக்காந்துட்டா, இன்டர்வியூவை யார் சார் ஆரம்பிக்கறது?"