நேர் வழி

"புது வால்வை எந்த வழியா வைக்கப்போறே? மழுப்பாம சொல்லும்மா," என்றார் நோயாளி.

"விலா எலும்புக்கு நடுவுல துளை போட்டா இதயத்துக்கு நேர் வழி, சார். தொடை ரத்தக்குழாய் வழியா போனா சுத்து வழிதான். ஆனா சீக்கிரம் எழுந்து நடக்கலாம்," என்றாள் இளம் டாக்டர்.

"டாக்டருங்க புத்தி எனக்குத் தெரியாதா? நேர் வழின்னு ஆசை காட்டி நெஞ்சைக் கிழிப்பாங்க. தொடை வழியாவே போ!"

கையெழுத்துப் போட்டுப் படிவத்தை நீட்டினார். வாங்கியவள் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"ஏழாம் படுக்கை டிரைவரும் தொடை வழியாவே கேட்டார், சார். ‘நேர் வழிதான் நல்லது’ன்னு காலையில அவர்கிட்ட நெஞ்சுக்குக் கையெழுத்து வாங்கின பெரிய டாக்டர் நீங்கதான். அவர் படிவத்தையும் மாத்திடவா?"