புதூர் டாக்டரின் சீட்டு

எட்டு மாதமாக உக்கிரபாண்டிக்கு உலகமே ராட்டினமாகிவிட்டது. படுக்கையில் புரண்டால் சுற்றும். அண்ணாந்து பார்த்தால் விழுந்துவிடுவார். ஒரு டாக்டர் பிரஷர் என்றார், ஒருவர் கேஸ் என்றார், இன்னொருவர் கண்ணாடி மாட்டிவிட்டார். ஊர் மட்டும் யாரையும் கேட்காமலே முடிவுகட்டிவிட்டது: குடி!

சொட்டு சாராயம் தொடாத மனிதர். மச்சினனே வந்து வாயை முகர்ந்து பார்த்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கடைசியில் புதூர் டாக்டர் வெள்ளைத்தாளில் எழுதித் தந்த சீட்டோடு, மனைவி முப்பிடாதியின் கையைப் பிடித்தபடி, கோவில்பட்டி காது டாக்டரிடம் வந்து சேர்ந்தார்.

காது டாக்டர் அவரைக் கட்டிலில் சாய்த்து, தலையைத் திருப்பி, கண்களைக் கவனித்தார். பிறகு சீட்டைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். "அப்படியே எழுதியிருக்காரே! வலது காதுக்குள்ளதான் கோளாறு. இப்பவே சரிபண்ணிடலாம். அவர் என்ன டெஸ்ட் எடுத்தார்?"

"ஒண்ணுமில்ல சார். ஒரு கேள்விகூடக் கேக்கல. தாடையைப் புடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் திருப்புனாவ, கண்ணையே பாத்தாவ, எழுதிட்டாவ" என்றார் உக்கிரபாண்டி.

"நோயாளி வாயே திறக்காம நோயைக் கண்டுபிடிச்சிருக்காரா? பெரிய கில்லாடிதான்! உங்க குடும்ப டாக்டரா?"

உக்கிரபாண்டி நெளிந்தார். முப்பிடாதிதான் பெருமையாகச் சொன்னாள்:

"எங்க ஆடு அறுபதுக்கும் அவியதான் சார் பாக்காவ. அன்னைக்குக் கிடாய்க்கு ஊசி போடப் போனப்ப, இவியளையும் சேத்துக் காட்டிட்டு வந்தேன்."