குளவிக்குச் சர்க்கரைத் தண்ணீர்

வீட்டுக்காரர் மாடிப்படியின் உச்சியில் ஸ்டூல் போட்டு ஏறி, குளவிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தார். அப்பாடா, ஒருவழியாக மருந்து வைக்கிறார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரிக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் பார்த்தால் ஒரு குளவிகூடச் சாகவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தன. சுவரில் எறும்புச் சாரை வேறு. சர்க்கரைத் தண்ணீர்.

யாராவது குளவிக்கு விருந்து வைப்பார்களா?

மாடியில் அவளும் மகளும் மட்டும்தான். குளியலறையில் குடியிருந்த கையகலச் சிலந்திகளோடு இருவரும் எப்படியோ ஒத்துப்போய்விட்டார்கள். அதில் பெரியதற்கு மகள் 'பெரிய டீச்சர்' என்று பேர்கூட வைத்திருந்தாள். ஒழுங்காகப் பல் தேய்க்கிறாளா என்று அசையாமல் பார்த்துக்கொண்டிருக்குமாம். குளவிகளோடு அப்படி ஒத்துப்போக முடியவில்லை. வலது கட்டைவிரலில் ஒன்று கொட்டி மூன்று நாளாகியும் கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையவில்லை. பள்ளிக்கூடத்துச் சட்டைகள் நாற்பது, வெட்டியது பாதி வெட்டாதது பாதியாகக் கிடந்தன.

அன்று சாயங்காலம் கீழே இறங்கி வீட்டுக்காரரிடமே கேட்டாள்.

"ஐயா, அந்தக் கூட்டை எடுத்துடுங்களேன். பொண்ணு போற வர்ற வழி."

"மெதுவா நடந்தா அது ஒண்ணும் பண்ணாதும்மா," என்றார் அவர். "செருப்பைக் கையில எடுத்துக்கோ. கைப்பிடியைத் தொடாதே. இரும்புப் படி அதிர்ந்தாத்தான் அதுக்குக் கோபம் வரும். பாப்பாவுக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

"துணிமூட்டையைத் தூக்கிட்டு எப்படிங்க மெதுவா ஏறுறது?"

"என்னைக் கூப்பிடு, நான் தூக்கிட்டு வர்றேன். கூட்டை மட்டும் யாரும் தொட வேண்டாம்."

பேச்சு அதோடு முடிந்தது. தன் வீட்டுக்கே திருடன் மாதிரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னபோது அவள் கண்ணைச் சுருக்கினாள். "போன மாசம் அவர் மகன் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தானே, ஞாபகம் இருக்கா? பாதிப் படி ஏறுறதுக்குள்ள கொட்டு வாங்கிட்டு மூணு பேரும் தலைதெறிக்க ஓடுனாங்க. நான் சிரிச்சே செத்தேன்."

"ஆமாக்கா, தண்ணித் தொட்டி பாக்க வந்தாங்கன்னு நினைச்சேன்."

"தொட்டியாவது மண்ணாவது. புதுசாக் குடிவர்ற ஆளா இருக்கும். உன்னைக் காலி பண்ணுன்னு வாயால சொல்ல வெக்கம் அந்த மனுஷனுக்கு. அதான் கொடுக்கால சொல்றார்."

அது மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. இந்தத் தெருவில் எட்டு வருடமாகச் சேர்த்த வாடிக்கை. பக்கத்துத் தெருவுக்குப் போனால்கூட ஊசியில் நூல் கோக்கிறதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மகளின் பள்ளிக்கூடமும் இங்கேதான்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் செய்வதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. மழை வந்தால் கூட்டுக்கு மேலே தகரத்துண்டைச் செருகினார். தினமும் காலையில் கீழேயிருந்து அண்ணாந்து, "கூடு நல்லா இருக்குதாம்மா?" என்று விசாரித்தார். அவளுடைய விரலைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தாரா?

செவ்வாய்க்கிழமை அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் அவள் மருந்தடிக்கிறவருக்குப் போன் போட்டாள். அவர் மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக வந்து பத்தே நிமிடத்தில் வேலையை முடித்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு கூடு வாளிக்குள் விழுந்தது. அவர் போனபிறகு, வீம்புக்கென்றே அவள் செருப்போடு தடதடவென்று ஒருமுறை ஏறி இறங்கினாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரை அவர் மகன்தான் காரில் கொண்டுவந்து விட்டான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வழக்கம்போல அண்ணாந்து பார்த்த பெரியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவள் சொல்ல வேண்டியதை மனப்பாடமாகவே வைத்திருந்தாள். "நான்தான் எடுக்கச் சொன்னேன். காலி பண்ணுன்னு நேரா சொல்லியிருக்கலாமே ஐயா. அதுக்குக் குளவி வளர்க்கணுமா?"

அவர் முதல் படியில் உட்கார்ந்தார்.

காரைப் பூட்டிவிட்டு வந்த மகனும் அண்ணாந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "அட, கூட்டை எடுத்தாச்சா? எத்தனை தடவை சொன்னேன் உங்ககிட்ட. மருந்தடிச்சேன், மறுபடி கட்டிடுச்சுன்னே சொல்லிட்டிருந்தீங்க." சொல்லிக்கொண்டே போனைக் காதில் வைத்தான்.

"சார், அன்னைக்கு மாடியைப் பாக்க முடியலையே, இப்பவே வாங்க. பாத்துட்டு விலையை முடிச்சிடலாம். பத்திரம் என் பேர்லதான் இருக்கு, ஒரு வில்லங்கமும் இல்லை. மேல இருக்கிறவங்களை ஒரு மாசத்துல எழுப்பிடலாம். அப்பாவை ஏதாவது ஹோம்ல சேத்துடுவேன்."

பேசியபடியே அவன் இரண்டிரண்டு படியாக மேலே ஏறினான். பெரியவர் தையல்காரியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நம்ம ரெண்டு பேரையும் இங்க குடிவச்சிருந்ததே அதுங்கதாம்மா."