மணி அடிக்காத அறை

ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவி ஹெப்சிபா, அன்று காலை எல்லா அழைப்புகளையும் புதிய கணினி அமைப்புக்கு மாற்றினாள். அதன்பின் அறையில் ஒரு போன்கூட அடிக்கவில்லை. திரையிலும் எதுவும் வரவில்லை.

"ஊர்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலபோல. நல்லதுதானே?" என்று முதலாளி சிரித்தார்.

ஹெப்சிபா கடிகாரத்தைப் பார்த்தாள்; மாற்றி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. "பழைய லைனுக்கே திருப்பிடறேன் சார்."

"விருந்தாளிங்க கீழ வந்தாச்சு. தொடக்க விழா முடியட்டும்மா."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. திருப்பிய நொடியில் அத்தனை போன்களும் ஒன்றாக அலறின. அருகிலிருந்ததை எடுத்தாள்.

"எவ்வளவு நேரமா லைன்லயே நிக்கிறேன். இனிமே வண்டி வேணாம்மா," என்றது ஒரு பெண்குரல்.

"வேற வண்டி கிடைச்சிருச்சாம்மா?" என்று கேட்டாள் ஹெப்சிபா.

போனில், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் பலர் அழும் சத்தம் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை.