எந்த ஷிஃப்டும் ஒத்துக்கும்

“எனக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும் போடுங்க சார்.”

ஷிஃப்ட் கேட்கவே கூடாது என்று மில்லில் சேர்ந்த அன்றே கயற்கண்ணியிடம் சொல்லியிருந்தார்கள். மில்லில் எல்லாருக்கும் கட்டிவிடும் மணிக்கட்டுப் பட்டை, தூக்கம் விழிப்பை அளந்து, உடம்பைப் பார்த்து ஷிஃப்ட் போடும். கர்ப்பத்தில் அவளுக்குச் சாயங்காலமே தூக்கம் வந்தது. பட்டை விடிகாலை ஷிஃப்ட் போட்டது. அதுவரை சரிதான். குழந்தை பிறந்தபின் வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட் மாறியது. பால் வற்றிக்கொண்டிருந்தது.

மேலாளர் திரையைப் பார்த்தார். “உன் உடம்புக்கு ராத்திரி பகல் வித்தியாசமே இல்லம்மா. எந்த ஷிஃப்டும் ஒத்துக்கும்னு காட்டுது.”

“ரெண்டு மணிக்கொருக்கா புள்ள பாலுக்கு எழுப்புறா. பின்ன எப்படிக் காட்டும்?”

“அது பட்டைக்குத் தெரியாதேம்மா.”

அவள் பட்டையைக் கழற்றி ஓடிக்கொண்டிருந்த அவருடைய மேசை விசிறியின் கூண்டில் மாட்டினாள். “இதுக்கும் ராத்திரி பகல் கிடையாது சார். இதையே ஷிஃப்டுக்கு அனுப்புங்க.”

காலையிலேயே எழுதி வைத்திருந்த ராஜினாமாவை மேசையில் வைத்துவிட்டு, பால் கொடுக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு நடந்தாள்.