குனியாத கூம்பு

சூளைக்குள் கிண்ணங்களுக்கு நடுவே, தேநீர்க் கூஜாவுக்குப் பக்கத்தில் ஒரு மண்கூம்பு நின்றது. சுண்டுவிரல் உயரம்தான். சூடு பதத்துக்கு வந்ததும் அது தலை சாய வேண்டும். அதைச் சுவரிலுள்ள துவாரம் வழியாகப் பார்த்துச் சூளைக்காரி செண்பகவல்லி நெருப்பை அணைப்பாள். கூம்புக்கு வேறு வேலை கிடையாது.

"அண்ணே, உங்களை நம்பித்தான் இருக்கோம்" என்றது கூஜா.

"எங்க வம்சமே குனிஞ்சு குனிஞ்சு கெட்டுது. நான் குனிய மாட்டேன்" என்றது கூம்பு.

விளையாட்டுக்குச் சொல்கிறது என்று கூஜா சிரித்தது. பதம் வந்தது. கூஜா மேலிருந்த நீலக் கண்ணாடிப் பூச்சு உருகிப் பளபளத்தது. கூம்பு விறைத்துக்கொண்டு நின்றது. துவாரத்தில் ஒரு கண் தெரிந்தது. "இன்னும் ஆகலையா?" என்று சலித்துக்கொண்டு மறைந்தது.

"அண்ணே, கொஞ்சம் சாயுங்க! நீலம் வழியுது, என் மூடி ஒட்டிக்கப் போகுது!"

"நீ கெஞ்சினா நான் குனிஞ்சிடுவேனா?"

சூடு ஆறி, மறுநாள் சூளை திறந்தது. கிண்ணங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. செண்பகவல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நடுவில் கூம்பு மட்டும் ஊசி மாதிரி நின்றது.

"பார்த்தியா தம்பி, கடைசி வரைக்கும் நான் குனியலையே!"

கூஜாவிடம் அதற்கு நல்ல பதில் ஒன்று இருந்தது. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை.