அறுநூறு பேர்

மாத்தளையில் ஏலக்காய், கராம்பு விற்கும் இத்ரூஸ் நானா, தன் கடைக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்த உக்குவளை கிருஷாந்தியைக் காலையிலேயே அழைத்தார்.

"தங்கச்சி, ஒரு நாளைக்கு அறுநூறு பேர் சைட்டுக்கு வந்ததாக் காட்டுது. இந்தச் சின்ன சேர்வர் தாங்குமா? பெரிசா ஒண்டு எடுப்பமே."

"ஓடர் வந்திச்சா நானா?"

"இன்னும் இல்ல. ஆக்கள் பாக்கிறாங்க. வரும்."

கிருஷாந்தி சேர்வரின் வருகைப் பதிவைத் திறந்து பார்த்தாள். அறுநூறும் ஒரே இணைய இணைப்பின் முகவரியிலிருந்து வந்திருந்தன. யாரோ வேலை மெனக்கெட்டு தானாக இயங்கும் ரோபோ நிரல் ஒன்றை ஏவிவிட்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அந்த முகவரியைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தாள். எண்ணிக்கை ஏறுவது அதோடு நின்றது.

தேத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் நானா அழைத்தார்.

"தங்கச்சி, சைட் மௌத்தாப் போச்சு. கடைக் கொம்பியூட்டர்ல வரவே இல்ல."

"இங்க நல்லாத்தானே வேல செய்யுது. நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"எப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். யாவாரம் இல்லாத நேரமெல்லாம், ஓடர் வந்திருக்கான்னு திறந்து திறந்து பாக்கிறதுதானே எனக்கு வேல."

கிருஷாந்தி அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் மறுபடியும் நானா.

"சரியாகிட்டு தங்கச்சி. ஆக்களும் திரும்ப வர ஆரம்பிச்சிட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்தானே, சேர்வர் பத்தாதுன்னு."